ஸ்கேன் சொன்ன எடையும் தராசு காட்டிய எடையும் (நீண்ட இழை)

1/
இன்னைக்குக் கொஞ்சம் கணக்கு பேசப் போறேன். ஓடிடாதீங்க. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிஞ்சா போதும். உங்க வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, சுகர் மெஷின் இருந்தாலோ, கொரோனா காலத்தில் வாங்கின ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தாலோ, இந்த இழை உங்களுக்குத்தான்.

2/
நான் குழந்தை மருத்துவர். சிசேரியன் நடக்கும்போது தியேட்டர் ஓரத்தில் வார்மர் பக்கத்தில் நிற்கிற ஆள். குழந்தை வெளியே வந்ததும் என் கைக்கு வரும். அழுததா, மூச்சு சீரா இருக்கா பார்த்துட்டு, எடை மெஷினில் வைப்போம். அந்த நிமிஷம் வரைக்கும் குழந்தையின் எடை ஒரு கணிப்பு. அதுக்கப்புறம்தான் உண்மை.

3/
கொஞ்ச நாள் முன்னாடி ஒரு குடும்பம். கடைசி ஸ்கேனில் குழந்தை 3.8 கிலோ. "பெரிய குழந்தை, நார்மல் கஷ்டம்" என்று யாரோ சொல்ல, அந்தப் பொண்ணு ராத்திரி முழுக்க அழுது, கடைசியில் அவளே "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டாள். குழந்தை நல்லபடியா பிறந்தது. தராசில் வைத்தேன். 3.310.

4/
வெளியே வந்து பாட்டியிடம் சொன்னேன். குழந்தையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுட்டு, மெதுவாகக் கேட்டார்: "ஏன் டாக்டர், மூணு எண்ணூறுன்னுதானே ஸ்கேன்ல போட்டிருந்துச்சு? அப்ப ஸ்கேன் பொய் சொல்லிடுச்சா?"

"இல்லம்மா, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்று சொல்லி நகர்ந்துட்டேன். அது நியாயமான பதில் இல்லை. எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே? யாருக்கு? அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதறேன்.

5/
முதல் விஷயம். ஸ்கேன் மெஷின் குழந்தையை எடை போடுவதில்லை. போடவும் முடியாது. அது அளப்பது நாலு விஷயம்: தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம். இந்த நாலையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் எடை என்று ஒரு எண் வரும். உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர் ஹாட்லாக்கும் அவர் குழுவும் 1985ல் வெளியிட்ட சூத்திரங்கள்.

6/
அவர்கள் செய்தது இதுதான். பிறப்பதற்குச் சில நாள் முன்பு ஸ்கேன் செய்த குழந்தைகளின் அளவுகளை ஒரு பக்கம் எழுதினார்கள். பிறந்தபின் தராசு காட்டிய எடையை இன்னொரு பக்கம் எழுதினார்கள். இரண்டையும் இணைக்கும் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். இதற்குப் பெயர் ரிக்ரெஷன். இன்னைக்கு மெஷின் லேர்னிங், ஏஐ என்று நம்ம முன்னாடி வந்து நிற்கிறதே, அது எண்களைக் கணிக்கும்போது செய்வதும் இதே வேலைதான். கணக்கு பெருசாயிருக்கு, டேட்டா பெருசாயிருக்கு. கேட்க வேண்டிய கேள்வி மாறவே இல்லை: எவ்வளவு தப்பும்?

7/
ஹாட்லாக் சூத்திரங்களில் நல்லவற்றுக்கு இந்தக் கேள்வியின் பதில், சுமார் 7.5 சதவீதம் என்ற ஸ்டாண்டர்ட் டீவியேஷன். சாதாரணத் தமிழில் சொன்னால், 20 குழந்தைகளில் 19 பேருக்கு உண்மை எடை, ஸ்கேன் சொன்னதிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ உள்ள எல்லைக்குள் இருக்கும். மிச்சம் ஒருத்தர் அதையும் தாண்டி இருக்கலாம்.

8/
இப்போ 3.8 கிலோவுக்கு 15 சதவீதம் போடுங்க. 570 கிராம். அதாவது அந்த ரிப்போர்ட் உண்மையில் சொன்னது: "குழந்தை அநேகமா 3.23 கிலோவுக்கும் 4.37 கிலோவுக்கும் நடுவில்." குழந்தை பிறந்தது 3.31.

பாட்டி, ஸ்கேன் பொய் சொல்லலை. அது ஒரு எல்லையைச் சொன்னது. நாமதான் நடுவில் இருந்த ஒரே ஒரு எண்ணைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க அழுதோம்.

9/
வீட்டில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தா எடுத்துப் பாருங்க. பல ரிப்போர்ட்டில் எடைக்குப் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் குறி போட்டு இன்னொரு எண் இருக்கும். மெஷின் நேர்மையா அச்சடிச்சுக் கொடுத்திருக்கு. நோயாளியிடம் பேசும்போது நாங்கள், டாக்டர்கள், அதை முழுங்கிடறோம். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

10/
சரி, ஒரு கணிப்பு எவ்வளவு தப்புது என்று எப்படி அளப்பது? கணக்கு புரிய ஒரு கற்பனை வெச்சுக்குவோம். மூணு மெஷின். ஒவ்வொன்றும் அஞ்சு குழந்தைகளின் எடையைக் கணிக்குது.

முதல் மெஷின்: நாலு குழந்தைக்கு 100 கிராம்தான் தப்பு. அஞ்சாவது குழந்தைக்கு 600 கிராம் தப்பு.
ரெண்டாவது: அஞ்சு பேருக்கும் 200 கிராம் தப்பு. சிலருக்குக் கூட, சிலருக்குக் கம்மி.
மூணாவது: அஞ்சு பேருக்கும் 200 கிராம் தப்பு. எல்லாருக்குமே கூடத்தான்.

11/
கூடவா கம்மியா என்று பார்க்காமல் தப்பின் அளவை மட்டும் கூட்டி அஞ்சால் வகுத்தால், மூணு மெஷினுக்கும் ஒரே விடை: 200 கிராம். இதைத்தான் எம்.ஏ.இ. என்பார்கள். விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் இந்த மாதிரி சராசரி ஒன்றுதான். மூணு மெஷினும் ஒண்ணு என்று அது சொல்லுது. உங்க வீட்டுக் குழந்தை அந்த அஞ்சாவது குழந்தையா இருந்தா, ஒத்துக்குவீங்களா?

12/
அதனால் இன்னொரு கணக்கு வந்தது. ஒவ்வொரு தப்பையும் அதாலேயே பெருக்கு, சராசரி எடு, பிறகு வர்க்கமூலம் எடு. பெயர் ஆர்.எம்.எஸ்.இ. பெருக்கும்போது சின்னத் தப்பு சின்னதாவே இருக்கும், பெரிய தப்பு பூதாகரமாகும். இதில் முதல் மெஷினுக்கு 283 கிராம், மற்ற ரெண்டுக்கும் 200. அந்த அஞ்சாவது குழந்தை இப்போதுதான் கணக்கில் தெரியுது. எம்.ஏ.இ.யையும் இதையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தா, எங்கேயோ யாரோ சிலருக்குப் பெரிய தப்பு நடக்குது என்று அர்த்தம்.

13/
ரெண்டாவது மெஷினையும் மூணாவதையும் இதுவும் பிரிக்கலை. அதுக்குக் கூட்டல் கழித்தல் குறியோடு சராசரி எடுக்கணும். மூணாவது மெஷின் எப்பவும் 200 கிராம் கூடச் சொல்லும். நம்ம வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னாடி வெச்சிருப்பாங்க. யாரும் அதனால் பஸ்ஸை விட்டதில்லை, ஏன்னா எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி, தப்பின் திசை தெரிஞ்சா கழிச்சுக்கலாம். திசை தெரியாத தப்புதான் ஆபத்து.

ஆனா குறியோடு எடுத்த சராசரியை மட்டும் நம்பாதீங்க. ஒரு குழந்தைக்கு 400 கூட, இன்னொண்ணுக்கு 400 கம்மி. சராசரி பூஜ்யம். ரெண்டு குடும்பமும் ஏமாந்தாச்சு, ரிப்போர்ட்டில் "பிழையே இல்லை".

14/
இன்னொரு மயக்கம், கோரிலேஷன். "எங்க மெஷினுக்கும் உண்மைக்கும் 0.95 தொடர்பு" என்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் சரியாப் பாதி எடை சொல்லுற மெஷின் ஒண்ணு இருக்குன்னு வைங்க. அதோட கோரிலேஷன் 1. முழு மார்க்! ஆனா அது உபயோகத்துக்கு ஆகுமா? 1986ல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் லான்செட் இதழில் இதைத்தான் எழுதினார்கள். ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்குதா என்று பார்க்காதீர்கள், எவ்வளவு வித்தியாசம், எந்த எல்லைக்குள் என்று பாருங்கள் என்று. மருத்துவத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் அது ஒன்று. இன்னமும் கோரிலேஷனைக் காட்டி மெஷின் விக்க வர்றாங்க.

15/
இப்போ முக்கியமான இடம். சராசரி யாருடைய சராசரி?

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலில் ஒரு தகவல் உண்டு. ஹாட்லாக் சூத்திரத்தின் சராசரிப் பிழை, சாதாரண எடைக் குழந்தைகளுக்கு 8 சதவீதம். 4.5 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 13 சதவீதம். 3 கிலோ குழந்தைக்கு 240 கிராம் தப்பு, 4.5 கிலோ குழந்தைக்குக் கிட்டத்தட்ட 600 கிராம் தப்பு. "பெரிய குழந்தையா?" என்று கேட்கத்தான் அந்த எண்ணைப் பார்க்கிறோம். அந்த இடத்தில்தான் அது அதிகமா தப்புது.

16/
இது தெரிஞ்சுதான் அந்த அமைப்பு, எடையை மட்டும் காரணமா வெச்சு சிசேரியன் யோசிக்கும் எல்லையை ரொம்ப உயரத்தில் வெச்சிருக்கு: சர்க்கரை இல்லாத அம்மாவுக்கு 5 கிலோ, சர்க்கரை உள்ளவருக்கு 4.5 கிலோ. நம்ம ஊர் அம்மாக்களின் உடல்வாகுக்கு அந்த எண் அப்படியே பொருந்தணும் என்று இல்லை. அதை உங்க மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். நான் சொல்ல வருவது, பிழை எவ்வளவு என்று தெரிஞ்சவங்க எல்லையை எப்படி வைக்கிறாங்க என்பதை மட்டும்.

17/
அடுத்தது ஆக்ஸிமீட்டர். 2020, 2021ல் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே. அதன் துல்லியம் என்று குறிப்பிடுவதும் ஆர்.எம்.எஸ். கணக்குதான். 2 சதவீதம் என்று போட்டிருந்தால், சுமார் மூணில் ரெண்டு பங்கு ரீடிங் அந்த எல்லைக்குள், மிச்சம் வெளியே. இது பலருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம் 2020 டிசம்பரில் வெளிவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், மெஷின் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம். கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

18/
எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தா மெஷின் பாஸ். நிறம் பிரிச்சுப் பார்த்தா ஒரு சாராருக்கு மூணு மடங்கு அதிகமாக் கைவிட்டிருக்கு. தப்புக்குத் திசையும் உண்டு: இருப்பதைவிட நல்லா இருக்கு என்று காட்டும் திசை. கறுத்த தோல் உள்ள நாம எல்லாரும் இதை நினைவில் வைக்கணும். எண் 94 காட்டுது, ஆள் மூச்சு வாங்குறார் என்றால், ஆளை நம்புங்க, எண்ணை நம்பாதீங்க.

19/
யாரை வெச்சு உருவாக்கின சூத்திரம் என்ற கேள்வியை நம்ம நாட்டிலும் கேட்க ஆரம்பிச்சிருக்காங்க. ஐஐடி மெட்ராஸும் ஃபரிதாபாத்தில் உள்ள டிஎச்எஸ்டிஐ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, குருகிராம் அரசு மருத்துவமனையில் பார்த்த கர்ப்பிணிகளின் தகவலை வெச்சு 2024ல் ஒரு மாடலை வெளியிட்டார்கள். பெயர் கர்ப்பிணி ஜிஏ2. அது கணிப்பது எடையை அல்ல, கருவின் வயதை. இந்தியப் பெண்களுக்கு ஹாட்லாக் சூத்திரத்தைவிடப் பிழை ஏறக்குறைய மூணு மடங்கு குறைவு என்று அறிவித்தார்கள். வாழ்த்துகள். இந்த மாதிரி இன்னும் வரணும்.

20/
இப்போ எனக்கு ரொம்ப உறுத்தும் விஷயம். எம்.ஏ.இ., ஆர்.எம்.எஸ்.இ. ரெண்டுக்குமே ஒரு குருட்டுத்தனம் உண்டு. தப்பின் அளவு தெரியும், விலை தெரியாது.

சுகர் மெஷினை எடுங்க. உண்மையில் 250, மெஷின் 300 காட்டுது. 50 தப்பு. பெருசா ஒண்ணும் ஆகாது. உண்மையில் 55, மெஷின் 105 காட்டுது. அதே 50 தப்பு. ஆனா அந்த ஆள் "சுகர் கரெக்டா இருக்கு" என்று படுத்துத் தூங்கிடுவார், காலையில் எழுப்ப முடியாமல் போகலாம். கணக்கில் ரெண்டும் ஒண்ணு.

21/
இதைச் சரி பண்ண 1987லேயே கிளார்க் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவும் ஒரு கட்டம் வரைஞ்சாங்க. ஒவ்வொரு தப்பையும், அதை நம்பி வைத்தியம் பார்த்தா என்ன ஆகும் என்று பார்த்து, ஏ முதல் இ வரை அஞ்சு பகுதியாப் பிரிச்சாங்க. கெடுதல் இல்லாத தப்பு ஒரு பக்கம், ஆளைக் கொல்லக்கூடிய தப்பு ஒரு பக்கம். பிழையைக் கிராமிலோ மில்லிகிராமிலோ அளக்காமல் நோயாளிக்கு வரும் கெடுதலில் அளந்தாங்க. சுகருக்கு நாற்பது வருஷமா தெரிஞ்ச இந்தப் பாடத்தை, இன்னைக்கு வர்ற ஏஐ கம்பெனிகளில் எத்தனை பேர் நினைவில் வெச்சிருக்காங்க?

22/
குழந்தை எடையிலும் இதேதான். 3.0 கிலோ குழந்தையை 3.4 என்று சொன்னா, அம்மாவுக்குக் கொஞ்சம் பயம். 2.2 கிலோ குழந்தையை 2.6 என்று சொன்னா? குறை எடை என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு குழந்தை எனக்கு வந்தது. சின்ன மருத்துவமனை, ராத்திரி நேரம், "நல்ல வெயிட்தான்" என்று எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க. தராசு 2.2 காட்டியபிறகுதான் வார்மரைச் சூடு பண்ணி, சுகர் பார்த்து, ஓடினோம். குழந்தை இப்போ நல்லா இருக்கு. ஆனா அந்த அரை மணி நேரம் தேவையில்லாதது. ரெண்டும் 400 கிராம் தப்புதான். ரெண்டும் ஒண்ணு இல்லை.

23/
அடுத்த முறை "98 சதவீதம் துல்லியம்" என்று எந்த ஆப், எந்த மெஷின் சொன்னாலும் இந்த நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: எந்த எல்லைக்குள் வந்தா சரி என்று எடுத்தீங்க? எண்ணைக் கணிக்கும்போது எல்லை சொல்லாத சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.
ரெண்டு: யாரிடம் சோதிச்சீங்க? கத்துக்கொடுத்த அதே ஆட்களிடமே சோதிச்சா, படிச்ச கேள்வியே பரீட்சையில் வந்த மாதிரி. ஹாட்லாக் குழு கூட 1985ல் வேற குழந்தைகளிடம்தான் சோதிச்சாங்க.
மூணு: ரொம்பச் சின்னது, ரொம்பப் பெருசு, கறுத்த தோல் என்று பிரிச்சுப் பார்த்தா எவ்வளவு?
நாலு: தப்பினா எந்தப் பக்கம் தப்பும்?

24/
"டாக்டர், இப்படி எல்லாம் எழுதினா ஜனங்களுக்கு ஸ்கேன் மேலயே நம்பிக்கை போயிடும்" என்று சில நண்பர்கள் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. அந்தப் பாட்டிக்கு முன்னாடியே "3.2ல் இருந்து 4.4 வரை எதுவா வேணா இருக்கலாம்மா" என்று சொல்லியிருந்தா, தராசைப் பார்த்து அதிர்ச்சியே இருந்திருக்காது. எல்லையை மறைச்சதால்தான் "பொய்" என்ற வார்த்தை வந்தது.

25/
ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு ஸ்கேனைத் தவிர்க்காதீங்க. குழந்தை வளர்ச்சி, நஞ்சு இருக்கும் இடம், நீர் அளவு என்று ஸ்கேன் காட்டும் பல விஷயங்களுக்கு மாற்று இல்லை. சிசேரியன் சொன்னதும் இந்த இழையைக் காட்டிச் சண்டை போடாதீங்க. அந்த முடிவுக்குப் பின்னாடி எடையைத் தாண்டிப் பல காரணம் இருக்கும். "டாக்டர், எடை மட்டும்தான் காரணமா? வேற ஏதாவது இருக்கா? இந்த எடை எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்?" என்று மட்டும் கேளுங்க. நல்ல மருத்துவர் உட்கார்ந்து பதில் சொல்வார்.

26/
சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் எடையும் தராசு எடையும் ரெண்டுமே ஒரே கேஸ் ஷீட்டில் இருக்கு. ஒண்ணு மேல் பக்கம், ஒண்ணு கீழ் பக்கம். ரெண்டையும் பக்கத்தில் எழுத ஏஐ வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடைசி வாரங்களில் குழந்தை வாரத்துக்குச் சுமார் 200 கிராம் ஏறும். அதனால் பிறப்பதற்கு ஒரு வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனை மட்டும் சேருங்க. நூறு குழந்தை ஆனதும் கணக்கு போடுங்க. உங்க மெஷின், உங்க ஊர்த் தாய்மார்களிடம் எந்தப் பக்கம், எவ்வளவு தப்புது என்று உங்களுக்கே தெரிஞ்சிடும். ஹூஸ்டன் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

27/
நான் ஆரம்பிச்சுட்டேன். வார்மர் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு தொங்குது. மூணு பத்தி: ஸ்கேன், தராசு, வித்தியாசம். வித்தியாசத்துக்கு முன்னாடி கூட்டலா கழித்தலா என்று கட்டாயம் போடணும் என்று நர்ஸ்களிடம் சொல்லியிருக்கேன். முதல் வரியில் இருப்பது அந்தப் பாட்டியின் பேரக்குழந்தை. 3800, 3310, கூட்டல் 490.

உங்க வீட்டு ரிப்போர்ட்டில் கூட்டல் கழித்தல் குறி இருக்கா என்று பார்த்துக் கீழே சொல்லுங்க.